அடியில் ஒட்டியிருந்த தாள்

ஓரிக்கை
18.4.2024

சுகாசினிக்கு,

போனில் உன்னோடு பேசுவதில்லை என்று சொன்னவன் நான். அதில் மாற்றம் இல்லை. எழுதுவதில்லை என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை.

பிரேம்நாத்தின் கருமாதிக்கு மறுநாள், ஏனாத்தூரில் நீங்கள் இருவரும் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து அவன் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நீ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாலும் எடுத்துக்கொண்டுதான் வந்திருப்பேன். என் மகனுடைய பொருள்.

இப்போது அதில் ஒரு பழுது. பிராசசரின் சூட்டை இழுக்கத் தண்ணீர் சுற்றும் கூலர் ஒன்றை மாட்டியிருக்கிறான் அல்லவா, அதன் பம்பு நின்றுவிட்டது. ஒரு குழாய் கொதிக்கிறது, மற்றது சில்லென்று கிடக்கிறது. தண்ணீர் ஓடவில்லை என்று எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டாம். எட்டாவதோடு நின்றவன், கிழிந்த புத்தகத்தைப் பார்த்து ஆம்ப்ளிஃபயர் கட்டியவன். கருட சேவைக்கு முப்பத்தொரு வருடம் மைக் செட் போட்டேன். ஒருமுறைகூட நடுவில் குரல் நின்றதில்லை.

தண்ணீர்க் கூலர் இனி வேண்டாம். கரண்டு இருக்கும் இடத்தில் தண்ணீரை வைப்பவனுக்குப் புத்தி கிடையாது. காற்றாடி வைத்த கூலர் போடப்போகிறேன். கல்யாண வீடியோக்கள் சீக்கிரம் முடிய வேண்டும் என்று அவன் பிராசசரின் வேகத்தை அளவுக்கு மேல் கூட்டி வைத்திருந்தான். ஓவர்கிளாக் என்று சொல்வான். அதை நான் குறைக்கப்போவதில்லை, இன்னும் கூட்டப்போகிறேன். நிறுத்தாமல் ஓட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது என்ன என்று நீ கேட்க வேண்டாம்.

காற்றாடிக் கூலரில் ஒற்றைக் கோபுரமாக ஒன்று வருகிறது, இரட்டைக் கோபுரமாக ஒன்று வருகிறது. எது இந்தப் பெட்டிக்குள் போகும்? கூலரைத் திருகிப் பிடிக்க போர்டுக்குப் பின்னால் வைக்கும் தகடு எங்கே? நீங்கள் இருவரும் சேர்ந்து பூட்டிய கம்ப்யூட்டர் இது என்று அவன் சொன்ன ஞாபகம். கேட்பதற்கு வேறு காரணம் இல்லை.

இப்படிக்கு,
க. ராமலிங்கம்


ஓசூர்
24.4.2024

மாமா அவர்களுக்கு,

வணக்கம். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். நான் இங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் இளைப்பு எப்படி இருக்கிறது? இன்ஹேலர் தீரும்முன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் தீர்ந்தபிறகு மூன்று நாள் சொல்லாமல் இருந்தீர்கள். அவர் வந்து கத்தியது நினைவிருக்கும்.

கூலர் விஷயம். அந்தக் கேபினட்டில் நூற்று அறுபது மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் எது வைத்தாலும் பக்கக் கதவு மூடாது. இரட்டைக் கோபுரம் வாங்க வேண்டாம். ரேம் பட்டைகளின் தலையில் உயரமான தகடு இருக்கிறது, முதல் பட்டையில் அது இடிக்கும். ஆறு செம்புக் குழாய் உள்ள ஒற்றைக் கோபுரம் போதும். பின்தகடு உங்களிடம் இல்லை என்றால் ஏனாத்தூர் வீட்டுப் பரணில் இருந்த பிஸ்கட் டப்பாவில் பாருங்கள். அந்த டப்பாவையும் ஆட்டோவில் ஏற்றினீர்கள், நான் பார்த்தேன்.

பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் சூட்டைக் கடத்த வைக்கும் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், நடுவில். நீங்களாகத் தடவிப் பரப்ப வேண்டாம், கூலரை அழுத்தும்போது தானே பரவும். இன்னொன்று, கத்திரி வெயிலில் வேகத்தைக் கூட்டாதீர்கள். அறையே நாற்பது டிகிரி இருக்கும்போது காற்றாடி அனலைத்தான் ஊதும் என்று அவர் கேலி செய்வார். மே முடியட்டும்.

என்ன வேலை என்று கேட்கவில்லை. ஆனால் நிறுத்தாமல் ஓட்டினால் பக்கத்தில் படுத்துத் தூங்காதீர்கள்.

அன்புடன்,
சுகாசினி


ஓரிக்கை
5.5.2024

சுகாசினிக்கு,

பிஸ்கட் டப்பாவில் தகடு இருந்தது.

இரட்டைக் கோபுரம்தான் வாங்கினேன். உலோகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சூடு இழுக்கும். இது மில்லிமீட்டர் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை. கடைக்காரன் கலைவாணன் உன்னைப் போலவே பேசினான். "இன்னா பெருசு, மைக் செட்ட வுட்டுட்டு கம்ப்யூட்டர்ல எறங்கிட்ட? ஒத்தக் கோபுரம் போதும்பா, இது ஒன் டப்பாவுல மூடாது" என்றான். "காஞ்சிபுரத்துல பொறந்தவன் கிட்ட கோபுரத்த அளக்காத. பெருசா இருக்கறத எடு" என்றேன். "மூடலன்னு தூக்கிக்கினு வந்துடாத, திருப்பி வாங்க மாட்டேன்" என்றான். நான் இதுவரை எந்தக் கடையிலும் எதையும் திருப்பிக் கொடுத்தவன் இல்லை.

கதவு மூடவில்லை. கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். ரேம் பட்டை இடித்தது. ஒன்றை எடுத்துவிட்டேன். இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் என்னவென்றால், சூடு இறங்கவில்லை. சும்மா இருக்கும்போதே அறுபது. வேலை கொடுத்த அரை நிமிடத்தில் தொண்ணூற்றொன்பது, நூறு. உடனே அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இவ்வளவு பெரிய கூலரின் தகடுகளைத் தொட்டால் சூடே இல்லை. நான் பூட்டியதில் தவறு இருக்காது. நான்கு திருகையும் குறுக்குக் குறுக்காக, சம இறுக்கமாக முறுக்கினேன். பொருளிலேயே குறை என்று நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

என்ன வேலை என்று நீ கேட்கவில்லை. நாகரிகமாக இருப்பதாகக் காட்டிக்கொள்கிறாய். நானே சொல்கிறேன். அவன் கம்ப்யூட்டரில் 'அப்பா' என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது. பூட்டியது. பாஸ்வேர்டு கேட்கிறது. எழுதிய நேரம் ஜனவரி இருபத்திரண்டு, காலை ஒன்பது பத்து. அன்று பத்தேகாலுக்கு அவன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான்.

எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பூட்டைத் திறக்கப் பார்க்கும் புரோகிராம் ஒன்று இருக்கிறது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். நொடிக்கு இரண்டாயிரம் தடவை போட்டுப் பார்க்கும். ஆறு எழுத்துவரை இரண்டு நாளில் முடிந்தது, திறக்கவில்லை. ஏழு எழுத்துக்கு நாற்பத்தாறு நாள் என்கிறது. வேகத்தைக் கூட்டினால் நாற்பதுக்கு வரும். அதற்குத்தான் கூலர்.

உனக்குப் பாஸ்வேர்டு தெரிந்திருக்கும். அதைக் கேட்டு இந்தக் கடிதம் எழுதவில்லை. கூலரைப் பற்றி மட்டும் பதில் எழுது.

க. ராமலிங்கம்


ஓசூர்
11.5.2024

மாமா அவர்களுக்கு,

கூலரைப் பற்றி மட்டும் முதலில்.

கூலரின் அடிப்பாகத்தில், பிராசசரின் மேல் உட்காரும் இடத்தில், கண்ணாடி போன்ற ஒரு தாள் ஒட்டியிருந்ததா? அதை உரித்தீர்களா? உரித்திருக்க மாட்டீர்கள்.

எப்படித் தெரியும் என்றால், இந்தக் கம்ப்யூட்டரை முதலில் பூட்டியபோது அவரும் உரிக்கவில்லை. இதேபோல் நூறு டிகிரி போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழற்றி மாட்டினோம். கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். "இது இன்னாங்க, பிளாஸ்டிக்க எடுக்காமயே வெச்சிருக்கீங்க?" என்றேன். "எங்கப்பா மைக்கா வெச்சிட்டுதான் ஹீட் சிங்க் போடுவாரு. அது மாதிரின்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "எங்கப்பாகிட்ட சொல்லிடாத, மைக்காதான் கரெக்டுன்னு ஒரு வாரம் சண்ட போடுவாரு" என்றார். சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டரின் உடம்பிலேயே கரண்டு ஓடும், அதனால் நடுவில் மைக்கா வேண்டும். பிராசசரின் மேல்மூடியில் கரண்டு இல்லை. இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொட வேண்டும். அந்தத் தாள் கூலரில் கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புவது. உரித்துவிட்டு, பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். இரண்டு காற்றாடியும் பின்பக்கம் நோக்கி ஊத வேண்டும்.

இனி நீங்கள் கேட்காதது. அந்தப் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அது பதினாறு எழுத்து, நடுவில் எண்களும் உண்டு. ஏழு எழுத்துக்கு நாற்பது நாள் என்றால் எட்டுக்கு மூன்று வருடம், ஒன்பதுக்கு எண்பது. பதினாறுக்கு எந்தக் கூலரும் போதாது, எந்த ஆயுளும் போதாது. என்னைக் கேளுங்கள், மாமா. ஒரு வரி எழுதினால் போதும். நான் காரணம் கேட்க மாட்டேன், யாரிடமும் சொல்லிக்காட்ட மாட்டேன்.

அன்புடன்,
சுகாசினி


ஓரிக்கை
18.5.2024

சுகாசினிக்கு,

தாள் அங்கேயேதான் இருக்கிறது. நாற்பது வருடம் மைக்கா வைத்தவனுக்கு நீ பாடம் எடுக்காதே. அவன் சிரித்தான் என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டும்.

ஒரு வரி எழுதினால் போதும் என்கிறாய். அந்த ஒரு வரி என்னால் ஆகாது. என் வீட்டுக்குக் கேட்காமல் வந்தவள் நீ. உன்னிடம் நான் எதையும் கேட்டு வாங்கியதில்லை. உன் அப்பா வீராசாமி நல்லவராகவே இருக்கட்டும். திருப்புட்குழியில் அவர் வீட்டு வாசலை நான் மிதிப்பதில்லை என்று சொன்னேன், மிதிக்கவில்லை. சொன்னதைச் செய்வதைத் தவிர எனக்கு வேறு சொத்து கிடையாது.

அன்று காலை நடந்ததை அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். பாதி மறைத்திருப்பான். முழுவதையும் நான் எழுதுகிறேன்.

ஏழரை மணி. நான் பின்பக்கம் அடிபம்பில் இருந்தேன். தட்டில் வெற்றிலை, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு வந்தான். உன் அப்பா கட்டிய புது வீட்டுக்கு.

"நாளான்னிக்கு கெரகப்பிரவேசம்பா. மாமா நேர்ல வர்றதுக்கு பயந்துக்கினு எங்கிட்ட குடுத்து அனுப்சாரு. நீ வரணும்பா" என்றான்.

"அந்த வூட்ல கை நனைக்கறதுக்கா ஒன்ன பெத்தேன்?"

"சாப்ட வேணாம்பா. தண்ணி கூட வேணாம். வந்து அஞ்சு நிமிசம் நின்னுட்டு வந்துடு. அவங்களுக்கு அது போதும்."

"எனக்குப் போதாது."

"அம்மா இருந்தா வந்துருக்கும்பா."

காந்தாவை இழுத்திருக்கக் கூடாது. ஆறு வருடமாகச் செத்துக் கிடப்பவளை என் எதிரில் நிறுத்தினான். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. சட்டை வேட்டியோடு அப்படியே தூக்கித் தலையில் கொட்டிக்கொண்டேன். "எனக்குப் புள்ள கெடையாது. தலமுழுகிட்டேன். போ" என்றேன்.

அவன் தட்டைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தான். கத்துவான் என்று நினைத்தேன். "தை மாசத்து குளுருப்பா. தலய தொவட்டு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் துவட்டவில்லை. துணி உடம்பிலேயே காய்கிறவரை அங்கேயே நின்றேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு ஜெயக்குமார் ஓடிவந்து, விபத்து என்றான்.

சுடுகாட்டிலிருந்து வந்து எல்லோரும் குளித்தார்கள். நான் குளிக்கவில்லை. பெரியவர்கள் வற்புறுத்தினார்கள், ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. எனக்கு அந்தக் குளியல் காலையிலேயே முடிந்திருந்தது.

அந்த ஃபைலில் என்னைச் சபித்திருந்தால் அதை நான் படிக்க வேண்டும். அவனாகவே லாரிக்கு முன்னால் போனான் என்றால் அதையும் நான் படிக்க வேண்டும். என் வாயால் வந்ததா இல்லையா என்று தெரியாமல் நான் சாகக் கூடாது. ஆனால் உன் கையால் அல்ல. என் கையால், என் இயந்திரத்தால் திறப்பேன்.

க. ராமலிங்கம்


ஓசூர்
26.5.2024

மாமா அவர்களுக்கு,

இது பதிவுத் தபாலில் வருகிறது. கடிதத்தோடு, ஒட்டி மூடிய உறை ஒன்றும் துணியில் சுற்றிய பொருள் ஒன்றும் இருக்கும்.

உறைக்குள் பாஸ்வேர்டு இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் அனுப்புகிறேன். அதனால் நீங்கள் சொன்ன சொல் தவறியதாக ஆகாது. இப்படி வழக்கறிஞர் மாதிரி யோசிக்க உங்கள் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த ஃபைலை நான் படித்துவிட்டேன். அன்று காலை அவர் எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார். "ராத்திரி பேசிக்கலாம், இப்ப அவசரமா கெளம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் என்ன இருக்கிறது என்று நான் எழுதினால், உங்களைச் சமாதானப்படுத்த நானாகக் கட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். அவர் எழுத்தில் நீங்களே படியுங்கள்.

ஆனால் ஃபைலைத் திறக்காமலே தெரிகிற சில விஷயங்கள் உண்டு. வண்டி கிடந்த இடம் ஓரிக்கைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால். அதன் முன்சக்கரம் உங்கள் வீட்டைப் பார்த்துக் கிடந்தது. லாரி தவறான பக்கத்தில் வந்தது என்று மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வண்டிப் பையில் இருந்த பொருள்களைக் காவல் நிலையத்தில் என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு பொருள். ஒன்று இன்ஹேலர், நீங்கள் வாங்குகிற அதே மருந்து, அட்டைப்பெட்டி பிரிக்கவில்லை. மற்றது ஒரு புதுத் துண்டு. எங்கள் வீட்டில் யாருக்கும் இளைப்பு கிடையாது, மாமா. இன்ஹேலரை நான் வைத்துக்கொள்கிறேன், எனக்கு அது வேண்டும். துண்டு உங்களுடையது.

இதை நான்கு மாதம் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். கோபத்தால்தான். கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனீர்கள். நீங்களும் கொஞ்ச நாள் எரியட்டும் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

படித்த பிறகு எழுதுங்கள். எழுதப் பிடிக்காவிட்டால் ஓசூருக்கு வாருங்கள். பேச வேண்டாம், ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

சுகாசினி


ஓரிக்கை
4.6.2024

சுகாசினிக்கு,

பதிவுத் தபால் கிடைத்தது.

உறையை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரிக்கவில்லை. நீ ஒட்டிய இடத்தில் உன் கையெழுத்தைக் குறுக்கே போட்டிருக்கிறாய், அது அப்படியே இருப்பதைப் பார்த்துக்கொள்.

வண்டி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அதைத் தூக்கி நிறுத்தியவன் நான்.

இன்ஹேலர் உன் அப்பாவுக்காக வாங்கியதாக இருக்கும். அவருக்கும் வயதாகிறது. வீடு கட்டுகிற இடத்தில் சிமென்ட் தூசி அதிகம். இளைப்பு வந்திருக்கும், உனக்குத் தெரிந்திருக்காது. விசாரித்துப் பார். அவர் இல்லை என்று சொன்னால் எனக்கு எழுத வேண்டாம்.

துண்டு இங்கே இருக்கட்டும். கேபினட் கதவு மூடாததால் உள்ளே தூசி படிகிறது. துடைக்க ஒரு துணி தேவைப்படும். இன்னும் அதற்கு எடுக்கவில்லை.

அந்தத் தாளை உரித்துவிட்டேன். மைக்கா இல்லை, வெறும் பிளாஸ்டிக். மைக்காவாக இருந்திருந்தால் நான் செய்தது சரி. புது பேஸ்ட் வைத்தேன், பட்டாணி அளவு. இப்போது வேகத்தை நான்கு புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ் வரை கூட்டியிருக்கிறேன். வெளியே நாற்பத்தொன்று, பிராசசர் எழுபத்திரண்டு. நாளெல்லாம் அதற்கு மேல் ஏறவில்லை. நல்ல கூலர். இரட்டைக் கோபுரம்தான் வேண்டும் என்று நான் சொன்னது தவறில்லை.

ஓசூருக்கு வர மாட்டேன். நீயும் இங்கே வர வேண்டாம். இதற்குப் பதில் எழுதவும் வேண்டாம். கேட்க வேண்டியது இனி எதுவும் இல்லை.

ஏழு எழுத்து இன்னும் சில நாளில் முடியும். பிறகு எட்டு தொடங்கும். பாஸ்வேர்டு பதினாறு எழுத்து என்று நீ எழுதியதைப் படித்தேன். காகிதத்தில் நானே கணக்குப் போட்டும் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், முடியாது.

ஓடட்டும்.

க. ராமலிங்கம்